இலியன் ஊரும் துப்பாக்கித் தொழிற்சாலையும்

1828ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்து மொகோக் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே கொல்லர் ஒருவர் தமது பட்டறையைப் பெயர்த்துக்கொண்டு வாய்க்காற் கரைக்கு வந்து சேர்ந்தார். எலிபலெட் றெமிங்டன் என்பது அவர் பெயர். மலையிடுக்கில் ஓடிய சிற்றோடையின் அருகே, தந்தையாரின் உலைக்களத்திலே, 1816இல் அவர் தம் முதலாவது துப்பாக்கிக் குழலை அடித்தெடுத்தார் என்பது மரபாக வழங்கும் செய்தி. குழல்களுக்கு நாளும் கிராக்கி ஏறிற்று. ஆனால் பாரமான இரும்பை வண்டியேற்றி மலைப்பாதையில் இறக்குவது பெருந்தொல்லை. 1825இல் திறக்கப்பட்ட ஈரி வாய்க்காலோ பள்ளத்தாக்கின் வழியே சென்றது. அதில் ஏற்றிய சரக்கு நியூயோர்க் துறைமுகம் வரை தங்குதடையின்றிப் போகும். ஆகவே தொழில் வழியைத் தேடி இடம்பெயர்ந்தது. ஒரு நூற்றாண்டும் தொண்ணூற்றாறு ஆண்டுகளும் கழிந்தபின் அதே தொழில் அவ்விடத்தை விட்டும் பெயர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் மறு நுனி.

பட்டறையைச் சுற்றி ஓர் ஊர் எழுந்தது. அதற்குத் தம் பெயரை இடுவதற்கு றெமிங்டன் உடன்படவில்லை என்பர். கிரேக்க இதிகாசத்து ட்ரோய் நகரின் மறுபெயராகிய இலியன் என்ற பெயரே நிலைத்தது. எனினும் அவர் பெயர் ஊரை விட்டு அகலவில்லை. வீதியும் பள்ளிக்கூடமும் அதனைத் தாங்கின.

எலிபலெட் 1861இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய ஆண்டிலே, காலமானார். போர் நடந்த காலத்தில் தொழிற்சாலை இரவு பகலாக இயங்கிற்று. போர் முடிந்ததும் வேலை சுருங்கிற்று. துப்பாக்கித் தொழிலின் இயல்பு அதுதான். ஆகவே அவருடைய மக்கள் வேறு பொருள்களிலும் கைவைத்தனர். தையற்பொறி செய்தனர், வேளாண்மைக் கருவிகள் செய்தனர். 1873இல் மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்தோபர் ஷோல்ஸ் என்பாரின் புதுப் பொறியொன்றைச் செய்து தருவதற்கு உடன்படிக்கை எழுதினர். அதுவே தட்டெழுத்துப் பொறி. தையற்பொறிப் பிரிவினர் அதனை உருவாக்கியமையால், முதலில் வந்த பொறிகளிலே பூ வேலைப்பாடு இருந்தது. தாளை நகர்த்துவதற்குக் காலால் மிதிக்கும் மிதிபலகையும் இருந்தது! ஆங்கில எழுத்துக்கள் இன்று விசைப்பலகையில் அமர்ந்திருக்கும் ஒழுங்கு உலகெங்கும் பரவியது இவ்வூரிலிருந்துதான். பின்னர் யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயா சென்ற இரா. முத்தையா தமிழுக்குத் தட்டெழுத்துப் பொறி வகுத்தபோது, அதனை ஒரு ஜேர்மன் நிறுவனமே செய்து கொடுத்தது. ஆயினும் அவ்வகைப் பொறி சந்தைக்கு வந்த தலைவாயில் இலியன்தான்.

1886இல் றெமிங்டன் குடும்பம் கடனில் மூழ்கிற்று. தட்டெழுத்துத் தொழில் ஒருவர் கைக்கும், 1888இல் துப்பாக்கித் தொழில் வேறொருவர் கைக்கும் போயின. இரு தொழிற்சாலைகளும் ஊரிலேயே இருந்தன. உரிமையாளர்தாம் வெளியூரவர் ஆயினர்.

இதன் விளைவு 1936இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு தட்டெழுத்துப் பொறி செய்த றெமிங்டன் றாண்ட் நிறுவனத்தின் தொழிலாளர், இலியன் உட்படப் பல நகரங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். நிறுவனம் எல்மைறா நகரில் வேறொரு தொழிற்சாலையை வாங்கியிருந்தது. இயந்திரங்கள் அங்கே போய்விடும் என்ற அச்சம் பரவியிருந்தது. நிறுவனத் தலைவர் ஜேம்ஸ் றாண்ட் அந்த அச்சத்தையே படைக்கலமாக்கினார். ஊரின் வர்த்தகரும் வங்கியாளரும் சேர்ந்த குடிமக்கள் குழு தோன்றிற்று. வேலைக்குத் திரும்பாவிடில் ஆலை போய்விடும் என்ற குரல் கடைத்தெருவிலிருந்தே எழுந்தது. அயலவன் அயலவனுக்கு எதிரியானான். வேலைநிறுத்தத்தை முறியடிக்கும் இவ்வுபாயத் தொகுதிக்கு மொகோக் பள்ளத்தாக்குச் சூத்திரம் என்ற பெயரே வழங்கலாயிற்று. 1937இல் தேசியத் தொழிலுறவுச் சபை நிறுவனத்தின் செயல் சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. ஆனால் ஒரே கூரையின் கீழ் உண்ணும் ஊருக்கு, அக்கூரை பிரிந்து போகும் என்ற சொல்லே போதும் என்பதை எல்லோரும் கண்டுகொண்டனர்.

துப்பாக்கித் தொழிற்சாலை அதற்குப் பிறகும் நீடித்தது. 1933 முதல் டூபொண்ட் நிறுவனத்தின் கீழ் இருந்த அது பின்பு கைமாறிற்று. 2007இல் முதலீட்டு நிறுவனமொன்றின் உடைமையாயிற்று. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளியொன்றிலே 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். பயன்பட்ட துப்பாக்கி அந்நிறுவனக் குழுமத்தின் இன்னொரு பெயரிலே விற்கப்பட்டது. அடுத்த மாதமே நியூயோர்க் மாநிலம் கடுஞ்சட்டம் இயற்றிற்று. 2014இல் நிறுவனம் அலபாமா மாநிலத்தில் புது ஆலை அமைக்க முனைந்து, இலியனின் சில பிரிவுகளை அங்கே கொண்டு சென்றது. பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் தொடுத்த வழக்கு 2022இல் 73 மில்லியன் டொலர் இழப்பீட்டுடன் முடிந்தது. கொலைக்கருவி செய்த ஊருக்காக இரங்குவதோ என்று வினவுவோர் உளர். அவ்வினாவை ஒதுக்கித் தள்ளுதல் முறையன்று. ஆனால் எதைச் செய்வது, எவருக்கு விற்பது என்று முடிவு செய்தவர் கடைசற்பொறியடியில் நின்றவர் அல்லர். தட்டெழுத்துப் பொறி செய்யச் சொன்னபோது அதையும் செவ்வனே செய்தவர்கள் அவ்வூரவரே.

நிறுவனம் 2018இலும் 2020இலும் முறிந்தது. இரண்டாம் முறிவில் 585 பேர் வேலை இழந்தனர். புதிய உரிமையாளர் 2021இல் ஆலையைத் திறந்தபோது நம்பிக்கை துளிர்த்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே தலைமையகம் ஜோர்ஜியா மாநிலத்து லாகிறேஞ் நகருக்குப் போகும் என அறிவிக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, 2023 நவம்பர் இறுதியில், தொழிற்சங்கத்துக்குக் கடிதம் வந்தது. துப்பாக்கி செய்வோரின் சார்பாளராக அங்கே இருந்தது சுரங்கத் தொழிலாளர் சங்கம் என்பது விந்தையே. ஏறத்தாழ பத்து இலட்சம் சதுர அடி கொண்ட பழைய கட்டடங்களைப் பேணுவதும் காப்புறுதி செய்வதும் பெருஞ்செலவு என்றும், துப்பாக்கிக் கைத்தொழிலுக்கு ஜோர்ஜியா ஆதரவானது என்றும் காரணம் கூறப்பட்டது.

1828இல் வாய்க்கால் அழைத்தது. 2023இல் வேறொரு மாநிலம் அழைத்தது. முதலாவது பெயர்ச்சியின்போது கொல்லர் தம் கருவிகளோடும் குடும்பத்தோடும் தாமே வந்தார். இரண்டாவதிலோ பொறிகளும் பெயரும் போயின. ஆட்களிற் பெரும்பாலார் தங்கிவிட்டனர்.

2024 மார்ச் மாதத்தில் ஆலை மூடப்பட்டது. கடைசியாக வேலையில் இருந்தவர் ஏறத்தாழ 270 பேர். அவர்களுட் சிலர், தந்தையும் பாட்டனும் நுழைந்த அதே வாயிலால் வெளியேறி, றெமிங்டன் என்ற பெயரை இன்னும் தாங்கி நின்ற வீதியினூடே வீடு சென்றனர்.