இருளர்: பெயரும் சரித்திரமும்

ராமானுஜர் பிறந்த ஊர் என்பதால் ஸ்ரீபெரும்புதூருக்குக் குருபரம்பரையில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இன்னொரு சரித்திரம் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் வளர்ந்து வருகிறது. இந்த இரண்டிலும் இடம் பெறாமல், ஏரிக்கரையிலும் தோப்பு ஓரத்திலும் குடிசை போட்டு வாழ்ந்த இருளர்களுக்கும் சரித்திரம் உண்டு. அதை எழுதியவர்களில் மட்டும் இருளர் கிடையாது.

முதலில் பெயர். கறுத்த நிறத்தால் வந்தது என்று ஒரு விளக்கம். இருண்ட காட்டில் வாழ்ந்ததால் என்று மற்றொன்று. இரண்டுமே வெளியே நின்று பார்த்தவன் சொன்னவை. பழைய செங்கல்பட்டு, ஆர்க்காடு ஜில்லாக்களில் வில்லியர் என்ற பெயரும் வழங்கியது. 'வில்' என்றவுடன் நம் தமிழ் வாத்தியார்களுக்குச் சங்ககாலம் ஞாபகம் வந்துவிடுகிறது. பாலை நிலத்து எயினரின் வாரிசு இவர்கள்தான் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாயிரம் வருஷ இடைவெளியை ஒரு வில்லைக் கொண்டு தாண்டுவது கவிதைக்கு ஆகலாம், சரித்திரத்துக்கு ஆகாது.

ஒரே பெயர் இருப்பதால் ஒரே ஜனம் என்று கொள்வதும் பிரமைதான். நீலகிரிச் சரிவில் வாழும் இருளர் பேசுவது தனித்த ஒரு திராவிட மொழி. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் அதை ஆராய்ந்து 1973ல் நூல் வெளியிட்டார். அங்கே குலங்கள் உண்டு. ஒரே குலத்துக்குள் மணம் செய்வதில்லை. நம் சமவெளி இருளர் பேசுவதோ தமிழின் ஒரு வழக்கு. வாழ்க்கை முறையும் வேறு: மலையில் தினையும் ராகியும், இங்கே வயல் எலியும் பாம்பும் கிழங்கும் மூலிகையும். சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து, ரங்காச்சாரியின் துணையோடு 1909ல் ஏழு தொகுதிகளை வெளியிட்டபோது, இருவரும் ஒரே தலைப்பின்கீழ் வந்தார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்கிலும் ஒரே வரிதான்: தமிழ்நாட்டில் சுமார் 1,90,000 பேர்.

சமவெளி இருளர் தம்மை ஒரு கூட்டமாக உணர்வது இந்தப் பட்டியல்களில் அல்ல, மாசி மகத்தில். அந்தப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் பல ஊர்க்காரர்களும் வந்து சேர்கிறார்கள். மணலில் ஏழு படி அமைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கல்யாணம் பேசுகிறார்கள், அங்கேயே முடிக்கவும் செய்கிறார்கள். விடிந்தபின் கலைந்துபோகிற அந்தப் படிகளைப் பல்லவர் சிற்பங்களுக்குப் பக்கத்தில் வைத்து யோசித்தால், எதைச் சரித்திரச் சின்னம் என்கிறோம் என்பதே சந்தேகத்துக்குரியதாகிறது.

இவர்கள் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது படையெடுப்பு எதுவுமல்ல, ஒரு சட்டம். பாம்புத் தோலை வியாபாரிகளுக்கு விற்றுப் பிழைத்துவந்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதையொட்டி வந்த ஏற்றுமதித் தடையும் அந்தத் தொழிலைக் குற்றமாக்கின. 1978ல் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கையும் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து, விஷத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குத் தயாராகும் மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பகுதி வடநெம்மேலியிலுள்ள இந்தச் சங்கத்திலிருந்தே போகிறது.

ஆனால் சங்கத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்களுக்கு அரிசி ஆலை, செங்கல் சூளை, சவுக்குத் தோப்பு, தலைமேல் முன்பணக் கடன். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976ல். காஞ்சிபுரம், வேலூர் பக்கத்து மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டது 2019 ஜூலையில். கடன் என்ற சொல்லோடு தினமும் புழங்குகிற வங்கி குமாஸ்தா நான். வங்கிப் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பட்டா இல்லாத குடிசைக்காரனுக்கு அது காலியாகத்தான் இருக்கும். சாதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் அவன் பழங்குடி என்பதும் ருசுவாவதில்லை. தர்ஸ்டன் கேட்காமலே எழுதிக்கொண்ட பெயரை, அவன் பேரப்பிள்ளை இன்று தாலுகா ஆபீசில் மன்றாடிக் கேட்க வேண்டியிருக்கிறது.

2017ல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃப்ளோரிடா சதுப்பு நிலத்துக்குப் போய், முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அன்னிய மண்ணிலும் தடத்தைப் பார்த்து இன்ன பாம்பு, எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லும் அந்த அறிவை நாம் 'திறமை' என்று பாராட்டி ஒதுக்கிவிடுகிறோம். என் துணிபு வேறு. தலைமுறை தலைமுறையாகத் திருத்தப்பட்டு வந்த வாசிப்பு அது. அவர்களுடைய சரித்திர ஏடும் அதுவே. அதற்கு வரப்பும் புற்றும் புதரும் வேண்டும். ஒரகடம் சாலையில் வயல்கள் ஒவ்வொன்றாகச் சுற்றுச்சுவருக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. எழுதப்படாத ஒரு நூலின் பக்கங்களும் அவற்றோடு போகின்றன.