சார்ஜர் புராணம்

பரோடாவுக்கு ஆணி பிடுங்க வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பலகைகளில் வதோதரா என்று எழுதினாலும் ஆட்டோக்காரர் முதல் ஆபீஸ் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் இது இன்னும் பரோடாதான். இந்த ஊரைப் பற்றி எழுத அரண்மனை, நவராத்திரி கர்பா, சேவ் உசல் என்று நிறைய இருக்கிறது. இன்றைக்கு அதெல்லாம் இல்லை. உங்கள் கட்டில் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் சார்ஜர் கேபிளைப் பற்றி. ஊருக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

மூன்றாம் சயாஜிராவ் மகாராஜா 1890-ல் இங்கே கலாபவன் என்று ஒரு தொழிற்கல்விக் கூடம் தொடங்கினார். (நம் சினிமாவின் தாதாசாகேப் பால்கே படித்த இடம்.) பிற்பாடு அதுவே எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவாக மாறியது. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர் அஜய் பட். 1990-ல் இன்டெல்லில் சேர்ந்தார். பிரின்டருக்கு ஒரு துளை, மவுசுக்கு ஒரு துளை, மோடத்துக்கு ஒரு துளை என்று கணினியின் பின்புறம் சல்லடையாக இருந்த காலம். எல்லாவற்றுக்கும் ஒரே துளை போதும் என்று அவரும் அவருடைய குழுவும் உட்கார்ந்ததில் பிறந்ததுதான் யுஎஸ்பி. காம்பாக், டெக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்இசி, நார்டெல் என்று ஏழு கம்பெனிகள் கைகோர்த்து, 1996 ஜனவரியில் முதல் வடிவம் வந்தது. 2009-ல் இன்டெல் அவரை ராக் ஸ்டாராகக் காட்டி ஒரு விளம்பரமே எடுத்தது. அதில் நடந்து வருபவர் அவர் இல்லை, ஒரு நடிகர் :-)

எப்படிச் செருகினாலும் முதல் தடவை போகாத அந்தச் செவ்வக முனைக்கும் இவர்களைத்தான் திட்ட வேண்டும். இருபுறமும் செருகும்படி செய்திருந்தால் கம்பிகளும் சர்க்யூட்டும் இரட்டிப்பாகி விலை ஏறியிருக்கும், அதனால்தான் விட்டோம் என்று பட் பின்னாளில் விளக்கம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு விலை ஏறியிருந்தால் கம்பெனிகள் தொட்டிருக்கவே மாட்டார்கள், எனவே மன்னிக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். யுஎஸ்பியைச் செய்தபோது போனை சார்ஜ் பண்ணுவது யார் மனதிலும் இல்லை. கீபோர்டுக்கும் மவுசுக்கும் தனியாக ஒரு அடாப்டர் வேண்டாமே என்று ஐந்து வோல்ட்டைக் கூடவே அனுப்பினார்கள். செருகியவுடன் 100 மில்லி ஆம்பியர். கணினியிடம் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டால் 500. அதாவது அதிகபட்சம் இரண்டரை வாட். இதில் முக்கியம், 'அனுமதி கேட்டு' என்பது. சுவரில் செருகும் சார்ஜருக்குள் கணினி கிடையாது, அங்கே யாரிடம் போய் அனுமதி கேட்பது? அதற்குப் பிறகு வந்த குழப்பங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொன்னதால் வந்தவை.

நோக்கியா பெரிய பின், நோக்கியா சின்ன பின், சோனி எரிக்சனுக்கு ஒரு பட்டை முனை, சாம்சங்குக்கு வேறொன்று என்று பெட்டிக்கடைகளில் பத்து தலையுள்ள ராவணன் சார்ஜர் தொங்கிய காலம் நினைவிருக்கும். முதலில் சாட்டையை எடுத்தது சீனா. 2006 டிசம்பரில் ஒரு தரநிலை கொண்டுவந்து, சார்ஜரில் யுஎஸ்பி துளைதான் இருக்க வேண்டும், உள்ளே தகவல் போகும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும் என்றது. போன் பார்க்கும், இரண்டும் சேர்ந்திருந்தால் 'இது கணினி இல்லை, சுவர் சார்ஜர், தாராளமாக உறிஞ்சலாம்' என்று புரிந்துகொள்ளும். எளிமையான, அழகான யோசனை. யுஎஸ்பி அமைப்பும் 2007-ல் தொடங்கி அதே வழியைத் தன் விதிகளில் எழுதிக்கொண்டது. 2010-ல் வந்த திருத்தத்தில் போன் ஒன்றரை ஆம்பியர் வரை எடுக்கலாம் என்றானது. 2009-ல் ஐரோப்பாவில் பெரிய போன் கம்பெனிகள் மைக்ரோ யுஎஸ்பிக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டன. ஆப்பிளும் போட்டது, ஆனால் தனியே ஒரு அடாப்டர் விற்று ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. கெட்டிக்காரர்கள்.

அதே ஆப்பிள் சார்ஜர் விஷயத்திலும் தனி வழி. தகவல் கம்பிகளில் ரெசிஸ்டர்களை வைத்து 2 வோல்ட், 2.7 வோல்ட் என்று வெவ்வேறு சேர்க்கையில் நிறுத்தி, அதைப் பார்த்து ஐபோன் ஒரு ஆம்பியரா, ஐபேட் 2.1 ஆம்பியரா என்று முடிவு செய்யும்படி வைத்தது. வெளியே சொல்லவில்லை. அடாஃப்ரூட்டின் லிமோர் ஃப்ரைட் போன்றவர்கள் மீட்டரை வைத்து அளந்து கண்டுபிடித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. இரண்டு ஆம்பியர் என்று அச்சடித்த சார்ஜரில் உங்கள் பழைய ஐபேட் மட்டும் ஆமை வேகத்தில் ஏறியதற்கு இதுவே காரணம். சார்ஜரிடம் சக்தி இருந்தது, பாஷை ஒத்துப்போகவில்லை.

இதுவரை வேகம்தான் பிரச்சினை. 2012-ல் கென் ஷிரிஃப் என்ற அமெரிக்கர் ஒரு டஜன் யுஎஸ்பி சார்ஜர்களை வாங்கி, ஆசிலாஸ்கோப்பில் மாட்டி, பிரித்தும் பார்த்து எழுதினார். நேரமிருந்தால் தேடிப் படியுங்கள். ஐபேட் சார்ஜர் போலவே அச்சு அசலாக இருந்த ஒரு டுபாக்கூர் சார்ஜரையும் பிற்பாடு திறந்தார். அசலில் மின்சாரப் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. போலியில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நம் நாட்டு 230 வோல்ட்டுக்கும் உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் நடுவே அவ்வளவுதான் காவல். கொஞ்சம் ஈரம் புகுந்தால் தாண்டிவிடும். 2013 ஜூலையில் சீனாவில் ஒரு பெண் சார்ஜில் இருந்த ஐபோனை எடுத்தபோது மின்சாரம் தாக்கி இறந்தார், போலி சார்ஜர்மேல் சந்தேகம் விழுந்தது. அடுத்த மாதமே, பழைய சார்ஜரைக் கொடுங்கள், அசலைப் பத்து டாலருக்குத் தருகிறோம் என்று ஆப்பிள் அறிவித்தது.

இந்த ஆபத்தை யுஎஸ்பி மீட்டர் காட்டாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீட்டரில் 5.10 என்று அழகாக ஓடும் சார்ஜர் உள்ளே எமனாக இருக்கலாம். இந்தியாவில் விற்கும் சார்ஜரில் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வரும். போலிக்காரர்கள் எண்ணையும் அச்சடிப்பார்கள்தான், ஆனால் செயலியில் வரும் கம்பெனிப் பெயரும் சார்ஜரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் பல டுபாக்கூர்கள் அங்கேயே விழுந்துவிடும்.

அப்படியானால் மீட்டர் எதற்கு? கீழ்வீட்டு பென் வீட்டிலிருந்தே சணியா சோளி தைத்துக் கொடுப்பவர். நவராத்திரிக்கு முந்தைய மாதம் ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். இரவு முழுக்கச் செருகி வைத்தும் போன் காலையில் பாதிதான் ஏறுகிறது. கடையில் பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதுசு வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். "பாய், சீசன் நேரத்தில் போனைக் கடையில் விட்டுவிட்டு நான் என்ன செய்வது?" என்றார். சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரைச் செருகினேன். 5.1 வோல்ட், 0.4 ஆம்பியர். வோல்ட் சரியாக நிற்கிறது என்றால் சார்ஜர் திணறவில்லை. கேபிளை மட்டும் மாற்றினேன். 1.4 ஆம்பியர். முடிந்தது. போனும் நல்லது, பேட்டரியும் நல்லது, மங்கள் பஜார் கேபிள்தான் குற்றவாளி. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வித்தை. எனக்கு அன்றைக்கு ஒரு தட்டு ஹாண்ட்வோ கிடைத்தது.

கேபிள் ஏன் இப்படிச் செய்கிறது? கம்பி மெலிசு. கேபிளின் மேலேயே பொடி எழுத்தில் 28, 24 என்று கேஜ் எண் அச்சடித்திருப்பார்கள். எண் கூடினால் கம்பி மெலிசு. 28 கேஜ் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். போக ஒன்று, வர ஒன்று என்பதால் ஒரு மீட்டர் கேபிளுக்கு 0.43 ஓம். இரண்டு ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஐந்து வோல்ட் போனுக்கு 4.15 ஆகப் போய்ச் சேரும். போன் புத்திசாலி, வோல்ட் இறங்குவதைப் பார்த்துத் தானே உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். அதே கேபிள் 24 கேஜாக இருந்தால் நஷ்டம் 0.34 வோல்ட்தான். செம்புக்குப் பதில் செம்பு பூசிய அலுமினியம் போட்டிருந்தால் இன்னும் மோசம். சோதிக்க ஐந்து ஓம் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும் (பத்து வாட் வாங்குங்கள், சுடும், விரலை வைக்காதீர்கள்). சார்ஜர் முனையில் ஒரு தடவை, கேபிளின் மறுமுனையில் ஒரு தடவை வோல்ட்டை அளந்து, வித்தியாசத்தை ஆம்பியரால் வகுத்தால் கேபிளின் ஓம் வந்துவிடும். கேபிள் நல்லதா என்பதற்கு இந்த எண்ணைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

டைப்-சி 2014-ல் வந்தபோது எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம். கேபிளுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வந்து உட்கார்ந்தது. பழைய செவ்வக முனையிலிருந்து சி முனைக்குப் போகும் கேபிளில் 56 கிலோ ஓம் இருக்க வேண்டும். பல கம்பெனிகள் 10 கிலோ ஓம் போட்டுவிட்டன. அது போனிடம் 'மூன்று ஆம்பியர் எடுத்துக்கொள்' என்று பொய் சொல்லும், எதிரில் இருப்பதோ பாவம் ஒரு பழைய லேப்டாப் துளை. கூகிள் என்ஜினியர் பென்சன் லியுங் 2015 நவம்பரில் அமேசானில் இந்த கேபிள்களை வாங்கி ஒவ்வொன்றாகச் சோதித்து விமர்சனம் எழுத ஆரம்பித்தார். 2016 பிப்ரவரியில் ஒரு கேபிளில் பிளஸ்ஸும் கிரவுண்டும் இடம் மாறி இருந்ததில் அவருடைய குரோம்புக் பிக்சலே புகைந்து போனது. அடுத்த மாதம் அமேசான் விதிக்கு ஒவ்வாத சி கேபிள்களை விற்கக்கூடாது என்று தடை போட்டது. ஒற்றை மனிதரின் பிடிவாதம்!

பெரியவர்களுக்கும் சறுக்கும். 2019 ஜூனில் வந்த ராஸ்பெர்ரி பை 4-ல் இரண்டு ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று. விளைவு, உள்ளே சிப் வைத்த ஒசத்தி கேபிளைச் செருகினால் சார்ஜர் அதை ஹெட்போன் அடாப்டர் என்று நினைத்து மின்சாரமே தராது. மட்டமான கேபிள் போட்டால் ஜோராக வேலை செய்யும். கேபிள் விஷயத்தில் கஞ்சத்தனம் ஜெயித்த ஒரே சம்பவம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நடுவில் குவால்காம் 9 வோல்ட், 12 வோல்ட் என்று ஏற்றியது, ஓப்போ வோல்ட்டை ஏற்றாமல் ஆம்பியரை ஏற்றித் தன் கேபிளோடு மட்டும் பேசியது. யுஎஸ்பி அமைப்பின் பவர் டெலிவரி 2021-ல் 240 வாட் வரை போனது. ஐரோப்பாவில் 2024 டிசம்பர் முதல் போன்களுக்கு டைப்-சி கட்டாயம். நம் பிஐஎஸ் 2023 ஜனவரியில் டைப்-சிக்கு இந்தியத் தரநிலை வெளியிட்டது.

எனவே இன்று மீட்டர் வாங்குபவர்கள் பழைய வெள்ளை டப்பாவை வாங்காதீர்கள். அவற்றில் சில 7 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும், வேக சார்ஜர் 9 வோல்ட் அனுப்பினால் மீட்டருக்குக் கருமாதி. இரண்டு பக்கமும் டைப்-சி உள்ளதாக, பவர் டெலிவரி பேச்சைத் தடுக்காமல் அந்தப் பக்கம் கடத்துவதாக இருக்க வேண்டும். கேபிளுக்குள் இருக்கும் சிப்பைப் படிக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. அந்த சிப் இல்லாத கேபிள் மூன்று ஆம்பியர், அதாவது 60 வாட்டைத் தாண்டாது, அட்டையில் நூறு என்று போட்டிருந்தாலும் சரி.

கொசுறு: பவர் பேங்கில் 10000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. அதாவது 37 வாட் மணி. ஐந்து வோல்ட்டுக்கு மாற்றினால் 7400, மாற்றும் வழியில் கொஞ்சம் சூடாகவும் போகும். மீட்டரில் ஆறாயிரத்துச் சொச்சம் வந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நாலாயிரம் வந்தால் தாராளமாகப் போகலாம்.