இறக்கத்தில் ஒரு கியர் கீழே

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2900 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் செல்லும் 50 கிலோமீட்டர் தூரத்திற்குள் பயணி தம்மை அறியாமலேயே ஆயிரம் அடிக்கு மேல் இறங்கிவிடுகிறார். பெயர் பெற்ற கொண்டையூசி வளைவு எதுவும் இல்லாததால் இதை மலைப்பாதை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பழைய சேலம் மாவட்டத்தின் நிர்வாகப் பிரிவுகளே இந்தச் சரிவை வைத்துத்தான் அமைந்தன. மேலே பாலகாட், நடுவில் பாராமகால், கீழே தலகாட். 1792இல் பாராமகால் கம்பெனி வசமானபோதும், ஓசூர் அடங்கிய பாலகாட் 1799இல் திப்பு சுல்தான் வீழும்வரை மைசூரிடமே இருந்தது. இரு அரசுகளின் எல்லை ஏழாண்டுக் காலம் ஒரு சரிவின்மேல் நின்றது.

இன்று அதே சரிவில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு வகை வாகனங்கள் இறங்குவதைக் காணலாம். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரிப் பக்கம் இட்லி தின்பதற்கென்றே புறப்பட்டு வரும் விளையாட்டுக் கார்கள் ஒரு வகை. இரும்பும் கிரானைட்டும் ஏற்றிய லாரிகள் மற்றொரு வகை. விலையில் ஒன்றுக்கொன்று ஏணி வைத்தாலும் எட்டாத இவ்விரு வாகனங்களின் ஓட்டுநர்களும் ஒரே கலையைக் கற்றாக வேண்டியிருந்தது என்பதும், அக்கலையை ஓட்டுநரின் காலிலிருந்து மெல்ல மெல்லக் கழற்றி எடுத்த தொழிற்சாலைகளிற் சில இச்சாலையோரத்திலேயே இருக்கின்றன என்பதும் நமக்கு எழுதத் தக்க வரலாறாகத் தோன்றுகிறது. அந்தக் கலை, கியரை அதிராமல் கீழே இறக்குவது.

முதலில் எந்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வாகனம் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான்காம் கியரில் இயந்திரம் நிமிடத்திற்கு 2500 சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் கியரின் பல் விகிதம் 1.4, நான்காவதன் விகிதம் 1 என்றால், மூன்றாம் கியருக்கு வந்த கணத்தில் இயந்திரம் 3500 சுற்றில் இருக்க வேண்டும். இடைப்பட்ட ஆயிரம் சுற்றுகளை யாராவது ஈடுகட்டியாக வேண்டும். வலதுகால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி அந்த ஆயிரத்தைக் கொடுத்துவிட்டால், கிளட்சை விடும்போது எதுவும் நடந்ததாகவே தெரியாது. கொடுக்காவிட்டால், சாலையில் உருளும் சக்கரம் கிளட்ச் பிளேட்டின் வழியே இயந்திரத்தைப் பிடித்திழுத்து வேகப்படுத்தும். வண்டி முன்னே குனியும். கிளட்ச் பிளேட் தேய்ந்து சூடாகும். ஈரச் சாலையில் பின்சக்கரங்களால் ஓடும் காராக இருந்தால் அச்சக்கரங்கள் ஒரு கணம் பிடிமானம் இழந்து வாலை வீசும். ஆகவே அதிராத கியர் இறக்கமும் கிளட்சைப் பேணுவதும் இரண்டு பாடங்கள் அல்ல. கால் செலுத்தாத கணக்கைப் பிளேட் செலுத்துகிறது, அவ்வளவுதான்.

தொடக்ககால மோட்டார் வண்டிகளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. 1890களில் பிரான்சில் பானார்–லெவாசோர் நிறுவனம் வகுத்த கியர்பெட்டியில் பற்சக்கரங்களே தண்டின்மேல் நகர்ந்து ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வேகம் ஒத்துவராவிட்டால் பல்லோடு பல் அரைபடும். கிளட்ச் என்பது தோல் போர்த்திய ஒரு கூம்பு. அத்தோல் வறண்டுவிடாதிருக்க விளக்கெண்ணெய் தடவிய காலமும் உண்டு. இப்பெட்டியை வசப்படுத்தப் பிறந்ததுதான் இரட்டைக் கிளட்ச் முறை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருவது; கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரால் உள்தண்டின் வேகத்தைக் கூட்டுவது; மீண்டும் மிதித்துக் கீழ்க் கியருக்குச் செல்வது. விவரிக்க இத்தனை சொற்கள் வேண்டியிருக்கின்றன. பழகிய காலுக்கு ஒரு நொடிகூட ஆகாது.

1929ஆம் ஆண்டு மாதிரி காடிலாக் கார்களில், ஏர்ல் தாம்சன் என்பவர் வகுத்த சிங்க்ரோமெஷ் அமைப்பு வந்தது. பற்கள் சந்திப்பதற்கு முன்பே ஒரு கூம்பு உராய்ந்து இரண்டின் வேகத்தையும் சமப்படுத்திவிடும். அரைபடும் ஓசை அத்துடன் ஒழிந்தது. இங்கே பலரும் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. சிங்க்ரோமெஷ் கியர்பெட்டிக்குள் இருக்கும் தண்டுகளைத்தான் சமன்செய்கிறது. கிளட்சுக்கு அப்பால் தனித்துச் சுழலும் இயந்திரத்தின் வேகத்தை அது தொடுவதேயில்லை. கியர் வெண்ணெயாய் விழுந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று எண்ணிக் கிளட்சை விடுபவரின் கார்தான் குலுங்குகிறது.

நம் நாட்டிற்கு இவ்வசதி தவணை முறையில் வந்தது. அம்பாசடர், சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆகியவற்றின் தொடக்ககால மாதிரிகளில் முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. லாரிகளின் நிலை வேறு. 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் காமெட் லாரிகள் சிங்க்ரோமெஷ் இல்லாத பெட்டிகளோடுதான் நெடுங்காலம் ஓடின. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பகுதிகளிலிருந்து புறப்பட்ட லாரி ஓட்டுநர் தலைமுறை ஒன்று 'டபுள் கிளட்ச்' என்ற சொல்லை அதன் பொறியியல் பொருளோடு கற்றது, ஆனால் நூலிலிருந்து அல்ல. இடப்பக்கம் அமர்ந்த கிளீனர், ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். மற்ற நேரமெல்லாம் இயந்திரத்தின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். சுதி பார்த்துச் சேரும் பாட்டுக்காரரைப்போல, எந்த ஓசையில் எந்தக் கியர் விழும் என்பது காதில் ஏறிய பிறகே அண்ணன் என்று அழைக்கப்பட்ட ஓட்டுநர் ஸ்டீரிங்கை அவரிடம் தருவார். சுற்றுமானி பார்த்து ஓட்டும் இன்றைய விளையாட்டுக் கார் உரிமையாளரைவிட இவர்களுக்குச் செவி கூர்மை என்பதே நம் எண்ணம்.

எல்லையும் இப்பயிற்சியில் ஒரு பங்கு வகித்தது. சரக்கு சேவை வரி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வரும்வரை ஜூஜூவாடியில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்தது. சாவடி வரிசையில் அங்குலம் அங்குலமாக நகரும் லாரியில் கிளட்சைப் பாதி மிதித்தபடியே இருப்பதற்கு 'ஆஃப் கிளட்ச்' என்று பெயர். பிளேட்டைக் கருக்குவதற்கு இதைவிட உறுதியான வழி வேறில்லை. முன்வண்டி பத்தடி நகரட்டும் என்று நியூட்ரலில் காத்திருந்து, முழுக் கிளட்சில் எடுத்து, மீண்டும் நிற்பதே முறை. ஏற்றத்தில் வண்டியைக் கிளட்சால் தாங்காமல் கைபிரேக்கில் நிறுத்துவது, ஓடும்போது இடதுகாலைப் பெடலின்மேல் ஓய்வாக வைக்காதிருப்பது, மிதித்தால் முழுவதும் மிதிப்பது ஆகிய மூன்றும் லாரிக்கும் விளையாட்டுக் காருக்கும் பொது விதிகள். பெங்களூர் நெரிசலில் ஊர்ந்துவிட்டு வரும் காரின் கிளட்ச், பந்தயச் சாலையில் ஓடும் காரின் கிளட்சைக் காட்டிலும் சீக்கிரம் தேய்ந்தால் அதில் வியப்பில்லை.

பந்தயம் என்றதும் சோழவரத்தைச் சொல்லாமல் போக முடியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் அமைந்த மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. நீண்ட நேர்கோட்டின் முடிவில் கூரிய திருப்பம் வரும். அங்கே வேகத்தைக் குறைக்கவும் வேண்டும், கியரை இறக்கவும் வேண்டும், அதே கணத்தில் இயந்திரச் சுற்றைக் கூட்டவும் வேண்டும், கால்களோ இரண்டுதான். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கை அழுத்தியிருக்க, அதே பாதத்தின் விளிம்பையோ குதிகாலையோ சாய்த்து ஆக்சிலேட்டரைத் தட்டுவதே பந்தயக்காரர் கண்ட விடை. லாரி ஓட்டுநரின் டபுள் கிளட்சும் பந்தயக்காரரின் இக்குதிகால் வித்தையும் ஒரே கணக்கின் இரண்டு தீர்வுகள். 1990இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திற்கு இடம்பெயர்ந்தது. கோவையின் கரிவர்தன் மாருதி இயந்திரத்தை வைத்து மலிவு விலையில் ஃபார்முலா மாருதி கார்களை 1980களின் இறுதியில் உருவாக்கியதால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்லாதோரும் ஓரளவு உள்ளே வர முடிந்தது. 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தது இத்துறைக்குப் பேரிழப்பு. அத்தகைய கார்களில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது அக்கார்களில் கிளட்ச் மிதிக்கும் கியர் மாற்றமே இல்லை. 1989இல் ஃபெராரி கொண்டுவந்த, ஸ்டீரிங்கின் பின்னுள்ள துடுப்பை விரலால் இழுக்கும் முறை எல்லா அணிகளுக்கும் பரவிவிட்டிருந்தது. காலின் கலையில் தேறியவர்களை விரலின் யுகம் வரவேற்றது!

சாலையில் ஓடும் கார்களுக்கும் அது வந்து சேர்ந்தது. 2009ஆம் ஆண்டு மாதிரி நிசான் 370இசட் காரில் கியர்க்கோல் எந்தப் பள்ளத்தை நோக்கி நகர்கிறது என்று உணர்ந்து கணினியே இயந்திரச் சுற்றைக் கூட்டிவிடும். கிளட்ச் பெடல் மட்டும் மரியாதைக்காக விடப்பட்டிருந்தது.

இனி ஓசூருக்குத் திரும்புவோம். 1971இல் உருவான சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில்வளாகம் அமைத்த பிறகு, ராகி விளைந்த இம்மேட்டுநிலத்தின் முகமே மாறியது. 1980இல் அசோக் லேலண்டின் ஓசூர்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கிற்று. பிற்காலத்தில் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனத் தொழில்நுட்பத்தில் அமைந்த சிங்க்ரோமெஷ் பெட்டிகள் லேலண்ட் வண்டிகளில் ஏறியபோது டபுள் கிளட்சின் தேவை குறைந்தது. அதே 1980இல்தான் சுந்தரம் கிளேட்டனின் ஓசூர்ப் பிரிவு டி.வி.எஸ். 50 மொபெட்டை வெளியிட்டது. அதில் கியரும் இல்லை, கிளட்ச் நெம்புகோலும் இல்லை. சுழற்சி விசையால் தானே பிடிக்கும் கிளட்ச். பால்காரரும் பூக்காரரும் ஆசிரியையும் எந்தக் கலையும் பயிலாமல் ஏறி ஓட்டிய வண்டி அது. கலை போயிற்றே என்று புலம்புவோர் இந்தப் பக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிளட்சின் நுணுக்கம் பலரைச் சாலைக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

அதே தொழிற்சாலையிலிருந்து பின்னர் அப்பாச்சி வரிசை வந்தது. பி.எம்.டபிள்யூ.வுடன் 2013இல் செய்துகொண்ட உடன்பாட்டின் வழியே பிறந்த இயந்திரத்தோடு, அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்னும் விளையாட்டு மோட்டார் சைக்கிள் 2017 டிசம்பரில் வெளியாயிற்று. 2019இல் அதற்கு 'ஸ்லிப்பர் கிளட்ச்' பொருத்தப்பட்டது. நம் கட்டுரையின் முழுப் பொருளும் இந்தச் சிறு உறுப்புக்குள் அடங்கிவிடுகிறது. ஓட்டுநர் சுற்றைக் கூட்டாமல் கியரை இறக்கிக் கிளட்சை விட்டுவிடுகிறார் என்று கொள்வோம். சக்கரம் இயந்திரத்தைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கியதும், கிளட்சின் உள்ளே வெட்டப்பட்ட சாய்தளங்கள் பிளேட்டுகளின்மீதுள்ள அழுத்தத்தைச் சற்றே தளர்த்தும். பிளேட்டுகள் வழுக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு துள்ளாது. கணக்கைச் செலுத்துவது அப்போதும் பிளேட்தான் என்பதை மறக்கலாகாது. வண்டி கவிழாமல் செலுத்துகிறது என்பதே வேறுபாடு.

ஆனால் எல்லாவற்றையும் எந்திரத்திடம் விட்டுவிட முடியாத இடம் ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து தெற்கே தருமபுரி கடந்து சேலம் செல்லும் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் வருகிறது. 2020 டிசம்பரில் ஒரு லாரி கட்டுப்பாடிழந்து வரிசையாக நின்ற வாகனங்களின்மேல் ஏறியதில் நால்வர் மாண்டனர். 2024 ஜனவரியில் மீண்டும் அதே கணவாயில் நான்கு உயிர்கள் போயின. இவ்விரண்டின் காரணங்களை நாம் தீர்ப்பிட வரவில்லை. ஆனால் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு அதிகாரிகள் திரும்பத் திரும்ப எச்சரித்துவந்த இடம் இது.

நியூட்ரலில் என்ன நடக்கிறது? பல டன் எடையை பிரேக் டிரம்கள் மட்டுமே தாங்குகின்றன. அவை சூடேறி விரிய, லைனிங்கின் உராய்வு குறைகிறது. எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அடிக்கடி மிதிப்பதால் காற்றுத் தொட்டியின் அழுத்தம் இறங்குகிறது. இயந்திரம் சும்மா முனகிக்கொண்டிருப்பதால் கம்ப்ரசர் அதை நிரப்பவும் மெதுவாகிறது. பதறிப்போய்க் கியரைப் போட முயன்றால், அந்த வேகத்திற்கு எந்தக் கீழ்க் கியரும் ஏற்காது. மாறாக, இறக்கத்தின் தலைப்பிலேயே, வேகம் கூடுவதற்கு முன்பே, ஏறுவதற்கு வேண்டிய கியருக்கு இறக்கிவிட்டால் இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். (பெட்ரோல் இயந்திரத்தில் காற்றுவழி மூடிக்கொள்வதால் இப்பிடி இயல்பாகவே வலுவானது, டீசலில் அவ்வடைப்பு இல்லாததால்தான் லாரிகளில் புகைக்குழாயை மறிக்கும் தனி பிரேக் வைக்கிறார்கள்.) இதில் மிச்சமாவதாக நம்பப்படும் டீசலும் பெரும்பாலும் மாயை. இன்றைய மின்னணு இயந்திரங்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் இயந்திரம் தன்னை உயிரோடு வைத்துக்கொள்ள டீசல் குடிக்கிறது.

டபுள் கிளட்ச் தெரிந்த பழைய ஓட்டுநருக்குக் கியரை இறக்குவது கடினமாக இருந்தது. அதனாலேயே அவர் இறக்கத்தை முன்கூட்டி எண்ணிப் பார்த்தார். கியர் எளிதானபோது அந்த எண்ணமும் எளிதில் விட்டுப்போயிற்றோ என்ற ஐயம் நமக்கு உண்டு. கூலியும் நேரக்கெடுவும் உறக்கமின்மையும் அவரை நெருக்குவதைச் சொல்லாமல் பழியை அவர் காலின்மீது மட்டும் சுமத்துவதும் நியாயமாகாது.

இதற்கிடையில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே கதை வேறொரு திருப்பம் கண்டுவிட்டது. ஏத்தர் நிறுவனத்தின் ஓசூர் ஆலையும் ஓலாவின் போச்சம்பள்ளி ஆலையும் 2021இல் மின்சார ஸ்கூட்டர்களைத் தரத் தொடங்கின. டி.வி.எஸ்.ஸின் ஐக்யூப் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. இவற்றில் தேய்வதற்குக் கிளட்ச் பிளேட்டே இல்லை. இறக்கத்தில் கைப்பிடியை விட்டதும் மோட்டாரே மின்னாக்கியாகி வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது, அந்த ஆற்றலைக் கொஞ்சம் மின்கலத்திலும் சேர்க்கிறது. சூளகிரிச் சரிவில் அவை ஓசையின்றி இறங்குகின்றன. அவற்றை முந்திச் செல்லும் லாரியின் இயந்திரம் மட்டும் கியர் இறங்கும்போது ஒருமுறை உறுமிவிட்டுப் போகிறது.