கூலியும் ஆளும்

பொழுது புலருமுன்பே கம்பம், கூடலூர், போடி வீதிகளில் ஜீப்புகள் வந்து நிற்கின்றன. தூக்குச்சட்டி ஏந்திய பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைச்சாலைகள் வழியே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். எங்கே பயணம் என்று கேட்டால், "கூலி வேலைக்குச் சாமி" என்பர். இவ்வெளிய சொல் கடல் கடந்த வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

தமிழில் கூலி என்பது உழைப்பின் ஊதியம். வள்ளுவர் 619ஆம் குறளில் முயற்சியின் பயனையே இச்சொல்லால் குறித்தார். ஊதியம் பெறுபவர் கூலியாள். ஆங்கிலத்தில் வழங்கும் 'கூலி' இதிலிருந்தே பிறந்தது என்பர் அறிஞர் சிலர். குஜராத்தின் கோலி இனப் பெயரே மூலம் என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், ஆங்கிலத்தில் அது ஊதியத்தைக் குறிக்கவில்லை, மனிதரைக் குறித்தது. 'ஆள்' உதிர்ந்துவிட்டது.

1834இல் ஆங்கிலப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் தமிழர் ஒப்பந்தத்தில் கப்பலேறினர். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச் சென்றனர். ஏடுகளில் அவர்கள் 'கூலி'கள். சீனத் தொழிலாளரும் அவ்வாறே அழைக்கப்பட்டனர். சீன மொழியில் அச்சொல்லைக் கசப்பு, வலிமை எனப் பொருள்தரும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். ஒப்பந்தத்திற்கு ஆளனுப்புவது 1917இல் நின்றது, சொல் நிற்கவில்லை. நம் இரயில் நிலையங்களில் சுமை தூக்குவோருக்கு அதுவே பெயராயிற்று. அப்பெயரை மாற்றும் அறிவிப்பு 2016இல்தான் வந்தது.

இராயப்பன்பட்டி, சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டங்களைக் கண்டு வாழும் நமக்கு, மத்தேயு 20ஆம் அதிகார உவமை அந்நியமன்று. கடைசியில் வந்தவருக்கும் முழு நாள் கூலி தந்த நிலக்கிழாரின் தாராளத்தையே நாம் பெரிதும் போதிக்கிறோம். ஆனால் முணுமுணுத்த வேலையாளையும் அவர் "தோழரே" என்றே அழைத்தார். கூலியைக் கொடுத்தார், ஆளை மறக்கவில்லை.

சென்ற வாரம் நம் கோவில் மதில் வேலைக் கணக்கேட்டைப் புரட்டினோம். நம் கையெழுத்திலேயே "கூலி 6" என்றிருந்தது. யார் அந்த அறுவர்? ஒருவர் பெயரும் அதில் இல்லை. இனி அந்த ஏட்டில் பெயர்களை எழுதுவோம்.