'கூலி' என்னும் ஆங்கிலச் சொல்: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கிலத்திற் புகுந்த தமிழ்ச் சொற்களைத் தொகுப்போர் கட்டுமரத்தையும் மிளகுதண்ணீரையும் பெருமையோடு எடுத்துரைப்பர். 'கூலி'யை அத்துணை விருப்போடு முன்வைப்பாரில்லை. எனினும் மாத்தளை மாவட்டத் தோட்டங்களின் வரலாற்றை ஆராயப் புகும் எவரும் இச்சொல்லை ஒதுக்கிச் செல்லல் இயலாது.

அதன் பிறப்புப் பற்றிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. யூல், பேர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886 இல் வெளிவந்த 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி, மேற்கிந்தியாவின் 'கோலி' என்னும் குலத்தாரின் பெயரே மூலமாகலாம் என்று கருதுகின்றது. ஆயினும் வேதனத்தைக் குறிக்கும் தமிழ், கன்னடச் சொல்லையும், அடிமையைக் குறிக்கும் துருக்கிச் சொல் ஒன்றையும் உடன் சுட்டி, இவை சிக்கலை விளைவிக்கின்றன என ஒப்புக்கொள்கின்றது. வில்சன் போன்றோர் தமிழ்ச் சொல்லையே மூலமெனக் கொண்டனர். மேற்கிலிருந்து வந்த இனப்பெயரும் தெற்கிலிருந்த வேதனப்பெயரும் துறைமுகங்களிற் கலந்து ஒன்றாயின என்று கொள்வதே பொருத்தமுடையதாக எனக்குத் தோன்றுகின்றது. சீனரோ இச்சொல்லின் ஒலிக்கு இசைய, 'கசப்பு', 'வலிமை' எனப் பொருள்படும் இரண்டு எழுத்துக்களால் அதனை எழுதினர். சொல்லாராய்ச்சியாக அது பிழை; வாழ்க்கை பற்றிய கூற்றாக அது முற்றிலும் மெய்.

பிறப்பிலும் பார்க்க முக்கியமானது பொருள் மாற்றமாகும். தமிழிற் கூலி என்பது ஆளன்று, ஆளுக்கு உரியது. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அது முயற்சியின் பயனைக் குறிக்கின்றது. உழைப்பவரைச் சுட்ட வேண்டுமாயின் கூலியாள், கூலிக்காரன் என்றே சொல்லவேண்டும். சிங்களத்திலும் 'குலி' என்பது வாடகையை, வேதனத்தையே குறிக்கும். ஆங்கிலத்திலோ ஆள் உதிர்ந்தான். கூலி மட்டும் எஞ்சியது. கொடுக்கவேண்டிய காசின் பெயரே காசைப் பெறுபவனின் பெயராயிற்று.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியோர் வடபாதை வழியே காடு கடந்து, தம்புள்ளையூடாக மாத்தளையை அடைந்தனர். மலைநாட்டின் வாயில் அதுவே. வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். ஊரை விட்டுப் புறப்படும்போது குலமும் ஊர்ப்பெயரும் உறவுமுறையும் உடையவராயிருந்தோர் இங்கு வந்து சேர்ந்தபோது ஏடுகளில் ஒரே பெயரினராயினர். அவர்களிடையே சமயப்பணி ஆற்றிய கிறித்தவ அமைப்பும் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர் பூண்டது. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க ஒப்பந்தச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1915 இல் தோட்டத்துரைமார் தமிழ் பயிலுதற்பொருட்டு வெல்ஸ் என்பார் எழுதிய கைநூலின் பெயர் 'கூலித் தமிழ்'. ஆட்களோடு நில்லாது அவர் பேசிய மொழிக்கும் அப்பெயர் சூட்டப்பட்டமை ஈண்டு நோக்கற்பாலது.

பிற நாடுகளிலும் இதே கதைதான். தென்னாபிரிக்காவில் இந்தியர் அனைவருமே கூலிகள் எனப்பட்டமையால், காந்தியடிகளும் 'கூலி பாரிஸ்டர்' என அழைக்கப்பட்டார். மொரிசியசிலே 'கூலித்துறை' எனப்பட்ட இறங்குதுறை பின்னர் 'ஆப்ரவாசி காட்' எனப் பெயர் மாற்றம் பெற்று, 2006 இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அந்நாட்டுக் கவிஞர் கால் தொராபுல்லி மாறாக, இழிசொல்லையே எடுத்து, 1990களில் அதிலிருந்து ஓர் இலக்கியக் கோட்பாட்டின் பெயரை ஆக்கினார். இரண்டனுள் எது தக்க வழி என்பதில் எனக்கு ஐயமுண்டு. பெயரை மாற்றியதனால் மட்டும் வேதனம் உயர்ந்ததாக வரலாறு இல்லை.

நம் தோட்டங்களின் வழக்கு இவ்விரண்டினும் வேறானது. அங்கே ஒருநாள் வேலைக்கும் அதற்குரிய சம்பளத்துக்கும் 'பேர்' என்று பெயர். பெரட்டுக்கு வந்தவருக்குச் செக்ரோலிலே பேர் விழும். ஆங்கிலம் சம்பளத்தின் பெயரை ஆளுக்கு இட்டது. தோட்டத் தமிழோ ஆளின் பெயரைச் சம்பளத்துக்கு இட்டுக்கொண்டது. இது திட்டமிட்ட எதிர்ப்பென்று கூறத் துணியேன். ஏட்டிலே பேர் பதியப்படாவிடின் சம்பளம் இல்லை என்ற நடைமுறையே இவ்வழக்கைத் தந்திருக்கவேண்டும். அதிலும் ஒரு குறை உண்டு: குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்காதவளுக்குக் கிடைப்பது அரைப்பேர்.