எச்.எம். என்ற இரண்டெழுத்து

உளவியல் அறிமுகப் பாடப்புத்தகம் எதை எடுத்தாலும், நினைவு பற்றிய அத்தியாயத்தில் எச்.எம். வந்துவிடுவார். உயிரியல் உளவியலில் ஒரு முறை, அறிதல் உளவியலில் மறுபடி ஒரு முறை. முன்னதில் அவர் மூளையில் ஒரு பகுதி அகற்றப்பட்ட மனிதர். பின்னதில் புதிய நினைவு எதுவும் சேராத மனிதர். இரண்டிலும் அவருக்குக் கிடைப்பது அரைப் பக்கம்தான்.

நான் கணினித் துறைக்காரன். முதுகலைப் படிப்புக்காக மாண்ட்ரியல் வந்து, இங்கேயே தங்கிவிட்டவன். இப்போது ஆலோசகராக மருத்துவத் தரவுகளோடு வேலை. நோயாளிகளின் பதிவுகளை ஆய்வாளர்களுக்குக் கொடுப்பதற்கு முன், பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் நீக்கிவிட்டு ஓர் எண்ணைப் போட்டுத் தருவது அதில் ஒரு பகுதி. நாற்பதைத் தாண்டிய பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து இந்த இரண்டு பாடங்களையும் படித்தேன். எச்.எம். பகுதி வந்தபோது, வகுப்பில் எல்லோரும் அவருடைய மூளையைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்த இரண்டெழுத்துதான் உறுத்தியது. நான் தினமும் செய்கிற வேலையை எனக்கு முன்பே யாரோ கையால் செய்திருக்கிறார்கள்.

அவர் பெயர் ஹென்றி குஸ்டாவ் மோலைசன். 1926இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே வலிப்பு தொடங்கியது. பதினைந்தாவது பிறந்தநாளன்று முதன்முறையாகப் பெரிய வலிப்பு வந்தது. படிப்பை முடித்துத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். மருந்துகளால் வலிப்பை அடக்க முடியாத நிலையில், 1953இல் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர், மூளையின் இரு பக்கமும் பொட்டெலும்புக்கு உள்புறம் இருக்கும் பகுதிகளை அகற்றினார். கடற்குதிரை போல வளைந்திருப்பதால் ஹிப்போகாம்பஸ் என்று பெயர் பெற்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதோடு போயிற்று. அப்போது ஹென்றிக்கு வயது 27.

வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு சந்தித்த யாரையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

இங்கேதான் கதைக்குள் எங்கள் ஊர் வருகிறது. மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை 1934இல் தொடங்கிய வைல்டர் பென்ஃபீல்டும், அங்கே பணியாற்றிய உளவியலாளர் பிரெண்டா மில்னரும், மூளையின் ஒரு பக்கம் மட்டும் அறுவை செய்யப்பட்ட இரண்டு பேருக்கு எதிர்பாராத மறதி ஏற்பட்டதைக் கவனித்து, அதைப் பற்றிப் பேசவிருந்தார்கள். அதன் சுருக்கத்தைப் படித்த ஸ்கோவில், தன்னிடமும் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று பென்ஃபீல்டுக்குத் தெரிவித்தார். மில்னர் இரவு ரயிலேறி ஹார்ட்ஃபோர்ட் போனார். அது 1955 ஏப்ரல். இன்று என்ன தேதி என்று ஹென்றியிடம் கேட்டபோது, 1953 மார்ச் என்றார். வயது கேட்டபோது 27 என்றார். அதே சமயம் நுண்ணறிவுச் சோதனையில் அவர் எடுத்தது 112. சராசரிக்கும் மேல். அறிவு குறையவில்லை, பேச்சு குழறவில்லை, குணமும் மாறவில்லை.

ஸ்கோவிலும் மில்னரும் 1957இல் வெளியிட்ட கட்டுரையில்தான் ஹென்றி எச்.எம். ஆனார். இந்த அறுவையை இரு பக்கமும் செய்யக் கூடாது என்று மற்ற மருத்துவர்களை எச்சரிப்பதும் அதன் நோக்கம்.

பாடப்புத்தகம் அவரை ஒரு வெற்றிடமாகக் காட்டும். மூலக் குறிப்புகளில் வருகிறவர் வேறு மனிதர். ஒருமுறை மில்னர் 584 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கால் மணி நேரம் கழித்தும் அவர் அதைத் தயங்காமல் சொன்னார். எப்படி என்று கேட்டதற்கு, 8ஐ மட்டும் பிடித்துக்கொண்டேன் என்றார். மூன்று இலக்கங்களையும் கூட்டினால் 17. அதில் 8 போனால் 9. அதைப் பிரித்தால் 5, 4. நடுவில் 8ஐ வைத்தால் 584 வந்துவிடும். இடைவிடாமல் இதையே மனதில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பிய ஒன்றிரண்டு நிமிடத்தில் எண்ணும் போயிற்று, எண்ணைக் காப்பாற்றிய கணக்கும் போயிற்று.

இன்னொரு சோதனை, 1962இல் வெளியானது. தாளில் இரட்டைக் கோட்டில் ஒரு நட்சத்திரம். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, இரு கோடுகளுக்கும் நடுவே பென்சில் ஓட்ட வேண்டும். யாருக்கும் முதலில் கை எதிர்ப்பக்கம் போகும். மூன்று நாள், முப்பது முறை. நாளுக்கு நாள் ஹென்றியின் தவறுகள் குறைந்தன. ஆனால் இந்தச் சோதனையை இதற்கு முன் செய்த நினைவே அவருக்கு இல்லை. கடினமாக இருக்கும் என்று நினைத்தேன், இவ்வளவு சுலபமாக வந்துவிட்டதே என்று அவரே வியந்தார். கைப்பழக்கம் என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. அந்தப் பழக்கம் சேர்வதற்கு ஹிப்போகாம்பஸ் தேவையில்லை என்பதை உலகத்துக்குக் காட்டியது இந்த மனிதரின் கை.

அறிதல் உளவியல் வளர்ந்ததும் கணினி வளர்ந்ததும் ஒரே காலம். 1968இல் அட்கின்சனும் ஷிஃப்ரினும் நினைவைப் பெட்டிகளாக வரைந்தார்கள். புலன் வழியாக உள்ளே வருவது ஒரு பெட்டி, சற்று நேரம் தங்குவது ஒரு பெட்டி, நிரந்தரமாகத் தங்குவது ஒரு பெட்டி. நான் அலுவலக வெள்ளைப்பலகையில் வரைகிற படத்துக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. இரண்டாவது பெட்டியும் மூன்றாவது பெட்டியும் வேறு வேறு என்பதற்கு ஹென்றியே பெரிய சாட்சி. அந்தப் பெட்டிகளுக்குள் அடங்காத நினைவு உண்டு என்பதற்கும் அவர்தான் சாட்சி. கைப்பழக்கம் எந்தப் பெட்டி? ஆங்கிலத்தில் மனிதருக்கும் கணினிக்கும் ஒரே சொல். நாம் கணினிக்கு நினைவகம் என்று தனிச்சொல் வைத்துக்கொண்டோம். நினைவு வேறு, நினைவகம் வேறு என்று பிரித்துவைத்த அந்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது.

இனி அந்த இரண்டெழுத்துக்கு வருகிறேன். பெயரை மறைத்ததில் நியாயம் உண்டு. புகழ்பெற்ற நோயாளியைப் பார்க்க விரும்பியவர்கள் ஏராளம். மில்னரின் மாணவியாகத் தொடங்கிப் பிறகு பல பத்தாண்டுகள் ஹென்றியை ஆராய்ந்த சூசன் கார்க்கின், பெயரையும் இருப்பிடத்தையும் வெளியிடாமல் காத்தார். 1980 முதல் ஹென்றி வாழ்ந்த முதியோர் இல்லத்தின் வாசலில் கேமராக்கள் வந்து நிற்காததற்கு அதுதான் காரணம். என் வேலையின் நியாயமும் அதே நியாயம்தான்.

ஆனால் பெயர் நீக்குவதால் தீராத ஒரு கேள்வி இருக்கிறது: சம்மதம். ஒவ்வொரு சோதனைக்கும் யாரோ சம்மதிக்க வேண்டும். பல ஆண்டுகள் ஹென்றியே கையெழுத்துப் போட்டார். தான் எதற்குச் சம்மதித்தோம் என்பது சில நிமிடங்களில் அழிந்துவிடும் ஒருவரின் கையெழுத்து. 1992இல்தான் நீதிமன்றம் அவருக்கு ஒரு பாதுகாவலரை நியமித்தது. ஸ்கோவிலின் பேரன் லூக் டிட்ரிச் 2016இல் எழுதிய புத்தகம் இந்தக் கேள்வியைக் கடுமையாகவே எழுப்புகிறது. மறுபக்கமும் உண்டு. தன்னிடம் கற்றுக்கொள்வது மற்றவர்களுக்கு உதவும் என்று ஹென்றி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகவே சொன்னார் என்பதால் அதன் மதிப்பு குறைகிறதா, கூடுகிறதா? எனக்கு விடை தெரியவில்லை. அவருடைய தந்தை இறந்த பிறகு, அப்பா இறந்துவிட்டார் என்று தன் கையாலேயே எழுதிய துண்டுச் சீட்டைப் பணப்பையில் வைத்திருந்தார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அரைப் பக்கத்தில் அந்தச் சீட்டுக்கு இடமில்லை.

2008 டிசம்பர் 2ஆம் தேதி, 82 வயதில் ஹென்றி இறந்தார். அதற்குப் பிறகுதான் முழுப்பெயர் செய்தித்தாளில் வந்தது. அடுத்த ஆண்டு சான் டியகோவில் அவருடைய மூளையை உறைய வைத்து, 53 மணி நேரத்தில் 2401 மெல்லிய சீவல்களாக வெட்டினார்கள். அது இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பானது. 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அகற்றியதாக ஸ்கோவில் எழுதியிருந்தார். 1990களில் எடுத்த ஸ்கேன் அது சுமார் 5 சென்டிமீட்டர்தான் என்று காட்டியிருந்தது. ஹிப்போகாம்பஸின் பின்பகுதி எஞ்சியிருந்ததைச் சீவல்களும் உறுதி செய்தன. யாரும் அறியாத ஒரு சிறு வடு மூளையின் முன்பகுதியிலும் இருந்தது. ஐம்பது ஆண்டுப் பாடத்தின் அடிப்படை உண்மை மாறவில்லை. அதன் எல்லைக்கோடுகள் மாறின.

1957 கட்டுரையை முழுக்கப் படித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. அதில் இருந்தவர்கள் பத்துப் பேர். ஹென்றியைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலானோர் மனநோயாளிகள், மனநோய்க்காகவே இந்த அறுவைக்கு உள்ளானவர்கள். அவர்களில் இருவருக்கு ஹென்றிக்கு நேர்ந்தது போன்ற கடுமையான மறதி. டி.சி. 47 வயது மருத்துவர். எம்.பி. 55 வயதுப் பெண்மணி. மனநோயும் சேர்ந்திருந்ததால் அவர்களிடம் கண்டதைத் தெளிவான சான்றாகக் கொள்ள முடியவில்லை. ஹென்றியிடம் வலிப்பைத் தவிர வேறு சிக்கல் இல்லை, அதனால் அவர் பாடமானார். மற்றவர்கள் அட்டவணையிலேயே நின்றுவிட்டார்கள்.

புதிய பதிப்புகளில் எச்.எம். என்பதற்குப் பக்கத்தில் ஹென்றி மோலைசன் என்று போடத் தொடங்கிவிட்டார்கள். நல்லது. இந்தப் பாடத்தை நடத்துகிறவர்கள் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: இதே கட்டுரையில் இடம்பெற்ற வேறு ஒன்பது பேரும் இருந்தார்கள் என்று. அவர்களுடைய பெயர்களை வெளியிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வேலையின் அவசியம் எனக்குத் தெரியும். ஆனால் பெயரை நீக்கியவர்களுக்கு, அங்கே ஒரு பெயர் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.