பழைய காரும் ஒரு காந்தத் துண்டும்

எங்கள் பி.காம் வகுப்பில் தேய்மானம் நடத்தும்போது கார்தான் எப்போதும் உதாரணம். ஒரு லட்ச ரூபாய் கார், ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருட முடிவில் 85,000, அடுத்த வருடம் 72,250. கால்குலேட்டரைத் தட்டினால் மதிப்பு வந்துவிடும். ஆனால் நம் நாட்டில் இந்தக் கணக்கு எடுபடாத ஒரு காலம் இருந்தது நண்பர்களே.

லைசென்ஸ் ராஜ்ஜியக் காலம் அது. கார் செய்ய அனுமதி பெற்றவை விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள்தான். அம்பாசடர், ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு, இவ்வளவுதான் சந்தை. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் கைக்குக் கிடைத்த பழைய வண்டிக்குப் புது வண்டியை விட அதிக விலை கொடுக்கவும் ஆள் இருந்தது. பாடியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பதை விட, வண்டி உடனே கிடைக்குமா என்பதே பெரிய கேள்வி!

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1993-இல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றானது. 1998-இல் சான்ட்ரோ, இண்டிகா எல்லாம் இறங்கின. வரிசை கலைந்தது, பழைய வண்டியின் கிராக்கியும் போனது. இப்போது விலையை முடிவு செய்வது வண்டியின் நிலைமை. ஆனால் அந்த நிலைமை யாருக்குத் தெரியும்? விற்பவருக்கு மட்டும்தான்.

இதைப் பற்றித்தான் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் கட்டுரை எழுதினார். அதற்கு முன் மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. விஷயம் எளிமையானது. நல்ல வண்டி எது, சொத்தை வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கேட்பார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல வண்டிக்காரர் ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது சொத்தைதான். கடைவீதி அரிசியில் வேண்டுமென்றே கல் கலப்பதையும் அதே கட்டுரையில் சொல்கிறார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

போன வருடம் எங்கள் அப்பா ஒரு பழைய கார் வாங்கினார். என் கடைசி வருடக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணமும் அதில் சேர்த்தி. கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. முதல் மழையிலேயே மிதியடிக்குக் கீழே தண்ணீர் நின்றது. டிங்கரிங் பட்டறை அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத் துண்டை எடுத்துக் கதவின் மேல்பக்கம் வைத்தார், ஒட்டியது. அடிப்பக்கம் வைத்தார், நழுவி விழுந்தது. உள்ளே இரும்பு அரித்துப்போய், அந்த இடத்தில் கனமாகப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ரப்பர் பீடிங்கில் அதே பெயிண்ட் தெறித்திருந்ததை அப்புறம்தான் நாங்கள் கவனித்தோம்.

அன்று எனக்கு அகெர்லாஃப் புரிந்தார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் போனால், அந்த இடைவெளிக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம். பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? பகல் வெளிச்சத்தில் போங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கதவு இடுக்குகள் இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பாருங்கள். பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். அப்பா இப்போது சாவிக்கொத்திலேயே ஒன்று மாட்டி வைத்திருக்கிறார்!